குடலையும் வெள்ளித் தள்ளுவண்டியும்

(காஞ்சிபுரத்தில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



‘ஆங்கிலேயரின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு’ என்று அழைப்பிதழில் என் தலைப்பைப் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு வந்த ஒரு பெரியவர் வாசலிலேயே என்னை நிறுத்தினார். “கோயில் ஊர்ல வந்து மாட்டுக்கறி பத்திப் பேசப் போறீங்களா தம்பி?” என்றார். பேசத்தான் போகிறேன் ஐயா. அதோடு சேர்த்து வரதராஜப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் வேகிற குடலை இட்லியையும் பேசப் போகிறேன். இரண்டையும் ஒரே மேடையில் வைக்கலாமா என்று சிலருக்குத் தோன்றும். வைத்தால்தான் இரண்டும் புரியும் என்பது என் கட்சி.

முதலில் அந்தச் சாப்பாடு என்னவென்று சொல்லிவிடுகிறேன். மாட்டின் விலாப்பகுதியோ, ஆட்டின் முழுத்தொடையோ, பன்றியின் முதுகுப்பகுதியோ, ஒரு பெரிய துண்டு. நறுக்காமல் முழுசாகவே சூட்டில் வாட்டி எடுப்பார்கள். உப்பு, மிளகு, அதிகம் போனால் கொஞ்சம் கடுகுப்பொடி. நம் கணக்கில் அது மசாலாவே இல்லை. கூடவே அரைவேக்காடாக அவித்துக் கொழுப்பில் புரட்டி மொறுமொறுவென்று எடுத்த உருளைக்கிழங்கு. வேகவைத்த காரட், முட்டைக்கோசின் குட்டித் தம்பி போன்ற பச்சைக் களைக்கோசு. இறைச்சி வெந்த தட்டில் இறங்கிய சாற்றைக் காய்ச்சிய குழம்பு. அதை கிரேவி என்பார்கள். மாட்டுக்கறிக்கு யார்க்‌ஷயர் புட்டிங் என்று ஒன்று வரும். மைதா, முட்டை, பால் கரைத்த மாவைப் புகைகிற கொழுப்பில் ஊற்றிச் சூளையில் வைத்தால் அது கிண்ணம்போல் எழும்பி நிற்கும். தித்திப்பு கிடையாது. வடக்கு இங்கிலாந்தில் ஏழை வீடுகளில் இதைத்தான் முதலில் கிரேவியோடு பரிமாறுவார்கள். வயிறு பாதி நிறைந்துவிட்டால் கறி குறைவாகச் செலவாகும் அல்லவா! கல்யாணப் பந்தியில் சாம்பார் சாதத்தை மலைபோல் போட்டுவிட்டுப் பாயசத்தைக் கரண்டி நுனியில் காட்டுகிற சூட்சுமம் நமக்கு மட்டும் சொந்தமில்லை.

லண்டனில் இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு ஞாயிறன்று இந்தச் சாப்பாடு போடுகிற ஒரு பழைய பாணி உணவகத்துக்கு என்னை அழைத்துப் போனார்கள். நான் இந்த ஊர்ப் பிள்ளையார்பாளையத்து ஆள். ஆடு, கோழி சாப்பிடுவேன், மாடு பழக்கமில்லை. “ஆட்டுத்தொடை இருக்குப்பா, வாங்க” என்று மகள் தைரியம் சொன்னாள். உள்ளே போய் உட்கார்ந்தோம். மெனு அட்டையைவிட முக்கியமான ஒன்று கூடத்தின் நடுவே உருண்டு வந்தது. வெள்ளி மூடி போட்ட ஒரு தள்ளுவண்டி. கீழே சூடு காக்கச் சின்ன விளக்கு எரிகிறது. வெள்ளைத் தொப்பி வைத்த ஒருவர் அதைத் தள்ளிக்கொண்டு மேசை மேசையாக வருகிறார். மூடியைத் திறந்தால் முழுத்தொடை. கத்தியைத் தீட்டுகிறார். “எப்படி வேண்டும்? ஓரத்துப் பொன்முறுவலா, உள்ளே இருக்கிற சிவப்பா? கொழுப்போடா, கொழுப்பில்லாமலா?” என்று கேட்டுக் கேட்டு மெல்லிய ஏடுகளாக அரிந்து தட்டில் வைக்கிறார். அதற்குப் புதினாச் சாறு என்று ஒன்றைத் தந்தார்கள். புதினாவை நறுக்கிக் காடியிலும் சர்க்கரையிலும் ஊறவைத்தது. அதைப் பற்றி என் கருத்தை இந்தச் சபையில் சொல்லாமல் விடுகிறேன், விருந்தோம்பியவர்கள் நல்லவர்கள்.

கறி எப்படியிருந்தது என்று கேட்பீர்கள். நன்றாக இருந்தது. காரம் தேடுகிற நாக்கு கொஞ்ச நேரம் தவித்தது. பிறகு கறியின் சுவை கறியாகவே தெரிந்தது. என் கண் மட்டும் தட்டில் நிற்கவில்லை, அரிகிற அந்த மனிதரின் கையிலேயே நின்றது. பக்கத்து மேசைக்கு ஓரத்துண்டு போயிற்று, எனக்கு நடுத்துண்டு வந்தது. அடுத்த மேசைக்காரர் கழுத்தை நீட்டி, தமக்கு எது மிஞ்சும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் தெரியாத பத்துக் குடும்பங்கள் ஒரே ஆட்டின் ஒரே தொடையைத் தின்றுகொண்டிருந்தோம். ஹோட்டலில் ஆளுக்கு ஒரு பிளேட் என்று பழகிய எனக்கு இது புதிது.

ஊர் திரும்பிய பிறகு இதை யோசித்தேன். நம் வீட்டில் கறியை எங்கே வெட்டுகிறோம்? கடையில். ஞாயிறு காலை கறிக்கடை வரிசையில் நின்று, “அண்ணே, தொடைல அரைக் கிலோ, நெஞ்செலும்பு கொஞ்சம் சேர்த்து, ஈரல் இருந்தா நூறு கிராம்” என்கிறோம். லண்டன் தள்ளுவண்டிக்காரர் கேட்ட அதே கேள்விகளைத்தான் நம் கறிக்கடைக்காரரும் கேட்கிறார்: எலும்போடவா, தனிக்கறியா, கொழுப்பு வேணுமா? நமக்கு வெட்டு அடுப்புக்கு முன்னால் முடிந்துவிடுகிறது. அவர்களுக்கு அடுப்புக்குப் பின்னால்தான் தொடங்குகிறது. அதனால்தான் நம் ஞாயிற்றுக்கிழமையின் பரபரப்பு காலை ஆறு மணிக்குக் கடைவாசலில் இருக்கிறது, அவர்களுடையது மதியம் ஒரு மணிக்கு மேசையில் இருக்கிறது.

இதற்கு ருசி மட்டும் காரணமல்ல. துண்டு துண்டாக நறுக்கிய கறி குறைந்த விறகில் வேகும். அரைக் கிலோ கறியில் தேங்காயும் மிளகாயும் கொத்துமல்லியும் அரைத்து ஊற்றினால் எட்டுப் பேருக்குக் குழம்பு. கறி கிடைக்காதவன் தட்டிலும் கறியின் வாசம் இருக்கும். முழுத்துண்டை வாட்ட வேண்டுமானால் நிறைய எரிபொருள் வேண்டும், நிறைய நேரம் வேண்டும், நிறையக் கறியும் வேண்டும். சின்னத் துண்டை வாட்டினால் உள்ளே சாறு நிற்காமல் காய்ந்து சக்கையாகிவிடும். குளிர்நாட்டில் கறியை நாள்கணக்கில் தொங்கவிட்டுப் பதப்படுத்தலாம். சித்திரை வெயிலில் காஞ்சிபுரத்தில் அப்படித் தொங்கவிட்டால் காக்கையும் ஈயும்தான் விருந்தாளி.

உண்மையான வாட்டல் என்பது சூளையில் நடப்பதே அல்ல என்று பழைய ஆங்கிலேயர் சண்டைக்கு வருவார்கள். எரிகிற நெருப்பின் முன்னே இரும்புக் கம்பியில் கோத்து, சுழற்றிச் சுழற்றி வாட்டுவதுதான் அவர்களுக்கு ரோஸ்ட். சுழற்ற ஒரு பையனை வைத்திருந்தார்கள். பிறகு அதற்கென்றே குட்டைக்கால் நாய்களை வளர்த்து, சுவரில் பொருத்திய சக்கரத்துக்குள் ஓடவிட்டார்கள். நாய் ஓட ஓடக் கம்பி சுழலும். வேல்ஸ் நாட்டு அபர்கவென்னி அருங்காட்சியகத்தில் அந்த இனத்து நாய் ஒன்றைப் பாடம்செய்து இன்னும் வைத்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்பு அடுப்பும் சூளையும் வீட்டுக்கு வந்ததும் நாயும் போயிற்று, கம்பியும் போயிற்று. இன்று ரோஸ்ட் என்று பரிமாறுவதில் பெரும்பகுதி சூளையில் வெந்ததுதான்.

சூளை இல்லாத ஏழைகள் என்ன செய்தார்கள்? தெருவில் ரொட்டி சுடுகிறவரிடம் எடுத்துப் போனார்கள். ஞாயிறன்று ரொட்டிக்கடைச் சூளை சும்மா சூடாகக் கிடக்கும். சில காசு கொடுத்து, தன் வீட்டுக் கறித்தட்டை அதில் வைத்துவிட்டு, மதியம் போய் எடுத்துவருவார்கள். சார்லஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதிய ‘கிறிஸ்துமஸ் கேரல்’ கதையில் கிராட்சிட் வீட்டு வாத்து அப்படித்தான் ரொட்டிக்கடையில் வேகிறது. ஆங்கிலேயரின் தேசிய உணவு என்று கொண்டாடப்பட்டது, ஆங்கிலேயரில் பலருக்கு அடுத்தவர் அடுப்பில் இரவல் வாங்கிச் சமைத்த உணவாகவே இருந்தது.

ஆனால் பெருமைக்கு மட்டும் குறைவில்லை. 1731இல் ஹென்றி ஃபீல்டிங் பழைய இங்கிலாந்தின் மாட்டுக்கறியைப் புகழ்ந்து ஒரு பாட்டே எழுதினார். ஓவியர் ஹோகார்த் பிரான்சின் கலே துறைமுக வாசலை வரைந்துகொண்டிருந்தபோது உளவாளி என்று பிடிபட்டார். ஊர் திரும்பியதும் கோபத்தில் 1748இல் ஒரு படம் வரைந்தார். வற்றலாகக் கிடக்கிற பிரெஞ்சுக்காரர்கள் நடுவே ஒரு பிரம்மாண்டமான ஆங்கில மாட்டுக்கறித் துண்டை ஒருவர் சுமந்து போகிறார். பிரெஞ்சுக்காரர்களும் சளைக்கவில்லை, ஆங்கிலேயருக்கே ‘ரோஸ்பிஃப்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஹோகார்த் படம் வரைவதற்கு ஓராண்டு முன்பு, 1747இல், ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணியின் சமையல் நூல் வந்தது. யார்க்‌ஷயர் புட்டிங்குக்கு அந்தப் பெயரிலேயே செய்முறை சொன்ன நூல் அது. அதே நூலில் ‘இந்திய முறையில்’ கறி சமைக்கவும் செய்முறை இருக்கிறது. மிளகும் கொத்துமல்லி விதையும் சேர்த்துச் செய்வது. இரண்டும் ஒரே அட்டைக்குள்தான் ஆங்கில வீடுகளுக்குள் நுழைந்தன.

அந்த நூல் வந்து நான்கு ஆண்டுகளில், 1751இல், ராபர்ட் கிளைவ் நம் ஊர் வாசலுக்கு வந்துவிட்டார். கிளைவ் பெருமாளுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் மகரகண்டிகை என்ற கழுத்தணியைப் பற்றி இங்கே யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆங்கிலேயர் காஞ்சிபுரத்தில் விருந்து சாப்பிட்டதைவிடப் பட்டினி கிடந்ததுதான் வரலாற்றில் பெரிதாக நிற்கிறது. 1780 செப்டம்பரில், இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத புள்ளலூரில், ஐதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை அழித்தார்கள். அதே நேரத்தில் சர் ஹெக்டர் மன்ரோவின் பெரிய படை நம் ஊரில் சோற்றுக்கு வழியில்லாமல் முடங்கிக் கிடந்தது. கடைசியில் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகப் பின்வாங்கினார் மன்ரோ. புள்ளலூர் வயல்வெளியில் செத்த அதிகாரிகளின் நினைவுத்தூண்கள் இன்றும் நிற்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

பிறகு அவர்கள் சென்னையில் நிலைத்து உட்கார்ந்து, மவுண்ட் ரோட்டில் ஹோட்டல்களும் கிளப்புகளும் கட்டிக்கொண்டு, அந்த வெயிலிலும் முழுத்துண்டை வாட்டித் தின்னத்தான் முயன்றார்கள். 1878இல் சென்னையில் ஒரு சமையல் நூல் வெளிவந்தது. எழுதியவர் கர்னல் கென்னி-ஹெர்பர்ட் என்ற குதிரைப்படை அதிகாரி. ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் எழுதினார். சென்னை ஆங்கிலேயரின் சமையலறை பங்களாவுக்கு வெளியே புகைமண்டிக் கிடக்கிறது, எசமானி அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை என்று அந்த நூலில் அவர் கடிந்துகொள்கிறார். சமையற்காரருக்கு அவர் வைத்த பொதுப்பெயர் ராமசாமி. ராமசாமியைத் திட்டாதே, நட்பாக்கிக்கொள், அடுப்படிக்குப் போய் அக்கறையோடு சொல்லிக்கொடு என்கிறார். நூல் முழுக்க ராமசாமி வருகிறார், ஆனால் அவர் கதையை அவரே சொல்வதில்லை. சொந்த வீட்டில் தொடாததையும் துரை வீட்டில் வாட்டிக் கொடுத்த அந்தச் சமையற்காரர்கள் எழுதிய நூல் ஒன்று இருந்திருந்தால் இந்தச் சொற்பொழிவுக்கே தேவை இருந்திருக்காது.

அவர்கள் கையிலிருந்து வந்த சமையல் மட்டும் இன்னும் இருக்கிறது. அதைத் தேட லண்டன் போக வேண்டாம். நம் ஊரைக் கடந்து போகிற ரயில் பாதையின் மறுமுனை அரக்கோணம். அந்த ரயில்வே குடியிருப்புகளிலும், பெரம்பூரிலும், பரங்கிமலையிலும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தார் பாட் ரோஸ்ட் என்று ஒன்று செய்வார்கள். வீட்டில் சூளை கிடையாது. கனத்த பாத்திரத்தில் முழுத்துண்டை வைத்து, முழு மிளகு, பட்டை, காய்ந்த மிளகாய் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி, வற்ற வற்ற வேகவைத்து, கடைசியில் அந்தக் கொழுப்பிலேயே உருளைக்கிழங்கையும் சேர்த்துச் சிவக்க விடுவார்கள். ஆறவைத்து, மேசைக்கு வந்த பிறகுதான் ஏடு ஏடாக அரிவார்கள். காரம் நம்முடையது, அரிகிற இடம் ஆங்கிலேயருடையது. காஞ்சிபுரத்துக்கு மிகப் பக்கத்தில் ரோஸ்ட் சாப்பாடு இருந்த இடம் எது என்று கேட்டால், அரக்கோணம் ரயில்வே குவார்ட்டர்ஸ் என்பேன்.

இப்போது நம் மடைப்பள்ளிக்கு வருகிறேன்.

நம் சமையலில் முழுசாக வேகவைத்து, வெந்த பிறகு, எல்லாரும் பார்க்க அரிந்து கொடுக்கிற பண்டங்கள் எத்தனை இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். சோறு, குழம்பு, பொரியல் எதுவும் அப்படியில்லை. தோசை ஆளுக்கு ஒன்று, வடை ஆளுக்கு ஒன்று. அந்த வரிசையிலிருந்து தனித்து நிற்பது நம் குடலை இட்லி. பச்சரிசியும் உளுந்தும் கரகரப்பாக அரைத்துப் புளிக்கவைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய நீளமான மூங்கில் குடலையில் ஊற்றி, மூன்று மணி நேரம்போல ஆவியில் வைக்கிறார்கள். பச்சை மிளகாய் கிடையாது, வெங்காயம் கிடையாது. போர்த்துகீசியர் மிளகாயைக் கொண்டுவருவதற்கு முந்தைய காரம் அது. பெருமாளுக்குக் காட்டிய பிறகு அதைக் குடலையிலிருந்து உருவி, கத்தியால் வில்லை வில்லையாக அரிகிறார்கள். ஓரத்தில் மந்தாரை இலையின் வாசம் ஏறியிருக்கும், நடுவில் மிளகும் நெய்யும். எனக்கு ஓரம்தான் பிடிக்கும். சின்ன வயதில் பரிமாறுகிறவர் கத்தியையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

லண்டனில் பக்கத்து மேசைக்காரர் கழுத்தை நீட்டிப் பார்த்தாரே, அதே பார்வை.

ஒருவருக்காக மட்டும் குடலை இட்லி செய்ய முடியாது. ஒருவருக்காக மட்டும் முழுத்தொடையை வாட்டவும் முடியாது. செய்கிறவன் முதலிலேயே கூட்டத்தை நம்பித்தான் அடுப்பை மூட்ட வேண்டும். சின்னதாகச் செய்தால் கெட்டுவிடும் என்பது இரண்டுக்கும் பொதுவான விதி. கூட்டம் கூடிவிட்டது என்றால் அடுத்த கேள்வி வந்துவிடும்: முதல் துண்டு யாருக்கு? கூட்டத்திலேயே யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது?

இந்தக் கேள்வியில் இரண்டு ஊர்களும் யோக்கியமல்ல. லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் சிம்ப்சன்ஸ் என்று ஓர் உணவகம். 1828இல் காப்பியும் சுருட்டும் சதுரங்கமுமாகத் தொடங்கியது. சதுரங்கம் ஆடுகிறவர்களை எழுப்பாமல் கறியைக் கொண்டுபோகத்தான் 1848வாக்கில் அங்கே தள்ளுவண்டி வந்தது என்று சொல்கிறார்கள். 1851இல் ஆண்டர்சனும் கீசெரிட்ஸ்கியும் அங்கே ஆடிய ஆட்டத்தைச் சதுரங்கக்காரர்கள் இன்றும் ‘சாகாத ஆட்டம்’ என்கிறார்கள். ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில்கூட அந்த உணவகம் வருகிறது. அரிகிறவர் கையில் காசு வைப்பது அங்கே மரபாக இருந்தது. அத்தனை புகழ்பெற்ற கூடத்தில், மரப்பலகை பதித்த கீழ்த்தளத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பெண்களை 1984 வரை அனுமதிக்கவில்லை. அந்த நாட்டில் அப்போது ஒரு பெண்தான் பிரதமர், சிம்மாசனத்தில் இருந்ததும் ஒரு பெண்!

நம் பக்கம் அதைவிட மோசம். சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்ட விவகாரம் தமிழ்நாட்டையே உலுக்கியது. அந்தச் சூடு ஆறுவதற்குள் 1925 நவம்பரில் இதே காஞ்சிபுரத்தில், திரு.வி.க. தலைமையில், காங்கிரஸ் மாகாண மாநாடு நடந்தது. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ள மறுத்ததும் பெரியார் வெளியேறினார். தமிழ்நாட்டு அரசியலைத் திருப்பிப் போட்ட அந்த வெளிநடப்புக்குப் பின்னால் ஒரு பந்தி வரிசை இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனியிடம் என்ற ஏற்பாடு 1941இல்தான் ஒழிந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளீஸ் கபேயின் பெயர்ப்பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி நாள்தோறும் மறியல் செய்து, நூற்றுக்கணக்கானோர் சிறை போனார்கள். நம் பெருமாள் கோயில் பிரசாதத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முதல் மரியாதை யாருக்கு, வடகலைக்கா தென்கலைக்கா என்று தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் ஏறிய ஊர் இது.

ஆகவே முழுசாகச் சமைத்து நடுவில் வைத்து அரிவதே சமத்துவம் என்று நான் பாட்டுப்பாட வரவில்லை. ஆனால் ஒரு வசதி உண்டு: அரிவது கண்ணெதிரே நடந்தால் அநியாயமும் கண்ணெதிரே நடக்கும். யாருக்கு ஓரம், யாருக்கு நடு, யாருக்கு ஒன்றுமில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். சமையலறைக் கதவுக்குப் பின்னால் அளந்து பிளேட்டில் போட்டுக் கொண்டுவந்தால் அது தெரியாது.

இங்கிலாந்திலும் அந்தக் கதவு மூடிக்கொண்டுதான் வருகிறது. போர்க்காலத்தில் 1940 மார்ச்சில் தொடங்கிய இறைச்சிப் பங்கீடு 1954 ஜூலை வரை நீடித்தது. வாரப் பங்கீட்டில் முழுத்துண்டு எங்கே வாங்குவது? கிரேவிக்குப் பாக்கெட் பொடி 1908 முதலே கடையில் இருந்தது. இன்று யார்க்‌ஷயர் புட்டிங்கும் உறையவைத்த பாக்கெட்டில் வருகிறது. பல மதுக்கூடங்களில் காலையிலேயே அரிந்து வைத்த கறியைச் சூடுபண்ணிக் கிரேவி ஊற்றித் தருகிறார்கள். பெயர் அதேதான், ரோஸ்ட். நான் சொன்ன சிம்ப்சன்ஸ், கொரோனா வந்த 2020 மார்ச்சில் கதவடைத்தது. 2023இல் அதன் பழைய தள்ளுவண்டிகள் ஏலத்துக்கே வந்துவிட்டன. வாங்கியவர்கள் வீட்டில் அவற்றில் என்ன வைத்துத் தள்ளுகிறார்களோ!

நம் குடலை இட்லிக்கு என்ன ஆயிற்று? காந்தி ரோடு பக்கம் எந்த ஹோட்டலுக்கும் போங்கள், ‘காஞ்சிபுரம் இட்லி’ என்று பலகையில் இருக்கும். சென்னையிலும் இருக்கும். டம்ளரிலோ கிண்ணத்திலோ ஊற்றி வேகவைத்து, ஆளுக்கு ஒன்றாகக் கவிழ்த்து, சட்னி சாம்பாரோடு தருகிறார்கள். மிளகு இருக்கிறது, சீரகம் இருக்கிறது, சில இடங்களில் முந்திரிகூட இருக்கிறது. மந்தாரை இலை இல்லை, ஓரமும் நடுவும் இல்லை. அரிவதற்கு ஒன்றுமே இல்லை. ருசியைக் குறை சொல்லவில்லை, நானே விரும்பிச் சாப்பிடுகிறேன். ஆனால் அது குடலை இட்லி இல்லை, மிளகு இட்லி.

நம் ஊரில் வெளியில் சாப்பிடுகிறவர்கள் யார்? பெரும்பாலும் பட்டு எடுக்க வருகிறவர்கள். விடியற்காலையில் சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வேன் வந்து நிற்கும். அத்தை, சித்தி, பெரியம்மா, சம்பந்தி வீட்டார் என்று ஒரு பட்டாளம். முகூர்த்தப் புடவைக்கு மட்டும் அரைநாள் போய்விடும்: அந்த அரக்குக்கு இந்தப் பச்சைக் கரையா, கோர்வை கெட்டியா, சரிகை எப்படி என்று. ஆண்கள் வேனில் தூங்குவார்கள். ஒரு மணிக்கு எல்லாரும் சேர்ந்து ஹோட்டலுக்குப் போவார்கள், அங்கே பில்லை எந்த வீட்டார் கொடுப்பது என்று ஒரு நாகரிக யுத்தம் நடக்கும். இரண்டு குடும்பங்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற முதல் சாப்பாடு பல கல்யாணங்களில் நம் ஊர் ஹோட்டலில்தான் நடக்கிறது. அந்த மேசையில் நடுவே வைக்க நம்மிடம் எதுவும் இல்லை. ஆளுக்கு ஒரு மீல்ஸ் தட்டு, முடிந்தது.

நெய்கிறவன் கதை வேறு. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வந்தது. தறி சந்திரனைப் பார்த்து நடந்தது. அமாவாசைதான் நெசவாளிக்கு ஓய்வுநாள். அன்றைக்குக் கறி கிடையாது, வடையும் பாயசமும்தான். ஆங்கிலேயன் ஓய்வுநாளில் ஆட்டுத்தொடையை வாட்டினான். நம்மவர்கள் ஓய்வுநாளில் முன்னோருக்குப் படைத்துவிட்டு வாழையிலை போட்டார்கள். இந்த வித்தியாசத்தை எந்தப் பயண எழுத்தாளரும் கவனித்து எழுதியதாக நான் படித்ததில்லை.

பசித்தவருக்குச் சோறு போடுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. மணிமேகலை அமுதசுரபியோடு வந்து பஞ்சத்தில் வாடியவர்களின் பசி தீர்த்தது காஞ்சியில்தான் என்று காப்பியம் சொல்கிறது. 2019இல் அத்திவரதர் நாற்பத்தெட்டு நாள் எழுந்தருளியபோது, தெருவுக்குத் தெரு அண்டா வைத்துச் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் கொடுத்தார்கள். அப்போது இந்த ஊர் சமாளித்த கூட்டத்தை லண்டன் சமாளிக்குமா என்பது சந்தேகம்தான். பெருங்கூட்டத்துக்குச் சமைக்க நமக்குத் தெரியும். பத்துப் பேர் உட்காருகிற ஒரு மேசைக்குச் சமைப்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

அதனால் இங்கே உட்கார்ந்திருக்கும் ஹோட்டல்காரர்களிடம் ஒரு கோரிக்கை வைத்து முடிக்கிறேன். கோயில் பிரசாதத்தை விற்கச் சொல்லவில்லை. அது மடைப்பள்ளியோடு இருக்கட்டும். உங்கள் கடையில் உங்கள் மாவில் ஒரு குடலை ஏற்றுங்கள். மூங்கில் முடைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், மந்தாரை இலையும் கிடைக்கிறது. விடியற்காலையில் ஏற்றினால் முகூர்த்தப் புடவைக் கூட்டம் காலைப் பலகாரத்துக்கு உள்ளே வரும்போது வெந்திருக்கும். கூடத்தின் நடுவே ஒரு மேசை போட்டு, குடலையை அங்கே கொண்டுவந்து உருவி, கேட்டுக் கேட்டு அரிந்து கொடுங்கள்: ஓரமா, நடுவா? அரிகிறவருக்கு நல்ல சம்பளம் கொடுங்கள், கத்தியைத் தீட்டி வையுங்கள். எத்தனை மணிக்குக் குடலை இறங்கும் என்று வாசலில் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். எந்த மேசைக்கும் முன்பதிவு வேண்டாம். வந்த வரிசைப்படி கொடுங்கள். ஓரத்துண்டுக்கு நான் வரிசையில் வந்து நிற்கிறேன்.